காருக்கு அளவு கொடுத்தவன்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்கா,

வந்து சேர்ந்தேன். நான் சௌக்கியம். நீ வாங்கிக் கொடுத்த புதுச் சட்டையில் வயிற்றுக்கு நேரே உள்ள பொத்தானுக்குத்தான் சௌக்கியமில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கார் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் உன்னை எதிலும் மோதாமல் வீட்டில் கொண்டுவந்து விடுகிறார்களா?

பட்டறை வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கார் வெளியே வருகிற வரைக்கும் ஒரு படமும் கசியக் கூடாதாம். நீயும் "போன்ல நீ பொய் சொன்னா கண்டுபிடிக்க முடியல, எழுதினா உன் கையே உன்னைக் காட்டிக் குடுத்துடும்" என்று சொல்லித்தான் வழியனுப்பினாய். ஆகவே இனி கடிதம்தான்.

இங்கே என்ன செய்கிறோம் தெரியுமா? பிரிட்டனில் அறுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்தார்கள். இரண்டு பேர் உட்காரலாம், மேலே கூரை கிடையாது, நீளமான மூக்கு, சைக்கிள் போலக் கம்பி போட்ட சக்கரம். அப்புறம் அந்தக் கம்பெனியே மூடிப்போயிற்று. அதே காரை அச்சு மாறாமல் இங்கே மறுபடி செய்கிறார்கள். வெளியே எல்லாம் பழசு. உள்ளே என்ஜின், பிரேக் எல்லாம் புதுசு. நான் ஸ்டோர் கீப்பர். போல்ட்டும் நட்டும் வாஷரும் எண்ணிக் கொடுக்கிறேன்.

வந்த வாரமே மானம் போயிற்று. காரின் உள்பக்கத்தை மட்டும் மரத்தில் மாதிரியாகச் செய்து நடுவில் நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். ஆசை யாரை விட்டது? ஆழம் தெரியாமல் காலை விட்டேன். காலைத் தொடர்ந்து மற்றதெல்லாம் உள்ளே போயிற்று, வெளியே வரத்தான் இல்லை. ஸ்டீயரிங் வயிற்றைப் பிடித்துக்கொண்டது, கதவு தொடையைப் பிடித்துக்கொண்டது. சாப்பிட்டு வந்தவர்கள் வட்டமாக நின்று பார்த்தார்கள். இருக்கை தைக்கிற ஒரு பெண்மணி இருக்கிறார், பட்டறையில் எல்லோரும் 'ஊசி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர்தான் ஸ்பேனரை எடுத்து ஸ்டீயரிங்கைக் கழற்றி என்னை விடுதலை செய்தார். "மூச்சை வெளிய விடுங்க. இன்னும் விடுங்க. அவ்வளவுதானா?" என்று வேறு கேட்டார்.

முதலாளி வந்தார். அடுத்த பஸ்ஸைப் பிடித்து உன்னிடமே வந்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் என்னைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "இந்தக் காரை வாங்கப்போறது யாரு? சின்ன வயசுல இதோட படத்தைச் சுவத்துல ஒட்டி வச்சவன். அவனுக்கு இப்ப என்ன வயசு, என்ன வயிறு? இத்தனை நாளா ஒல்லிப் பசங்களை உக்கார வச்சு அளவு பாத்துட்டிருக்கோமே! இதோ நிக்கிறாரு நம்ம கஸ்டமர்" என்றார். எனக்கு வேலை போயிற்றா, உயர்ந்ததா என்று இன்னும் புரியவில்லை.

முழங்காலுக்கு மருந்து தடவ மறக்காதே.

உன் தம்பி


பிப்ரவரி 16

தம்பிக்கு,

இங்கே நான் நன்றாக இருக்கிறேன். முழங்காலும் என்னை விட்டு எங்கும் போகவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்க மாட்டேன். அது எனக்கே தெரியும்.

உன் கடிதத்தைப் பயிற்சிக் காரில் வைத்துப் படித்தேன். ஓட்டிக்கொண்டிருந்தவர் வங்கியில் வேலை பார்க்கிற அம்மா. நான் சிரித்த சிரிப்பில் அவர் பயந்துபோய் ரவுண்டானாவை விட்டு வெளியே வராமல் சுற்றிக்கொண்டே இருந்தார். என் பக்கத்து பிரேக்கை நான்தான் மிதிக்க வேண்டியதாயிற்று.

சிரித்தது போதும். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எங்கே வைத்தாய்? ரத்த அழுத்தம் அப்படி ஏறியிருக்கிறது, எடையைக் குறைக்காமல் என் முகத்தில் முழிக்காதே என்று அவர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? நாற்பத்தொரு வயதில் காருக்குள் மாட்டிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை வந்து மீட்க வேண்டியிருக்கிறது. அந்த அம்மாவுக்கு நன்றி சொன்னாயா, இல்லை வழக்கம் போலத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றாயா?

உன் அறையில் ஸ்பேர் டயர்களை அடுக்கி வைத்துவிட்டேன். காலியாகக் கிடந்தால் கண்ணை உறுத்துகிறது.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்கா,

நலம். இங்கே வந்ததும் பிடித்த இருமல் போய்விட்டது. உனக்கும் வங்கி அம்மாவுக்கும் எந்த அடியும் படவில்லை என்று நம்புகிறேன்.

உட்கார்ந்து தின்றால் மலையும் கரையும் என்பாயே, எனக்கு இங்கே உட்கார்ந்தால்தான் சம்பளம். வாரத்தில் ஒரு மணி நேரம் உட்காருகிற வேலை, மற்ற நேரமெல்லாம் ஸ்டோர் வேலை. எப்படி என்று சொல்கிறேன். ஒரு பெரிய பை, அதற்குள் கடுகு போலச் சின்னச் சின்ன மணிகள். காருக்குள் இருக்கை வர வேண்டிய இடத்தில் அதைப் போட்டு, நீல ஓவராலை மாட்டிக்கொண்டு நான் உட்கார வேண்டும். ஒரு பம்ப்பை வைத்துப் பையிலிருக்கிற காற்றை உறிஞ்சுகிறார்கள். பை கல்லாக இறுகிவிடும். நான் எழுந்தால் என் முதுகும் மற்றதும் அச்சாக அதில் நிற்கும். அதைப் பார்த்து ஊசி பஞ்சு வெட்டி, தோல் தைப்பார். தரையை ஓர் அங்குலம் இறக்கினால் மறுபடி அச்சு. ஸ்டீயரிங்கை நகர்த்தினால் மறுபடி அச்சு. வாராவாரம் இதே கதைதான்.

பை இறுகும் வரை அசையக் கூடாது. பேசலாம். அவரேதான் கேட்டார், "பயமா இருக்கா?" என்று. "இல்லீங்க, மூச்சை விட்டா அளவு மாறிடுமோன்னு பாக்கறேன்" என்றேன். "மூச்சு விடுங்க. உயிரோட இருக்கிற ஆளுக்குத்தான் சீட்டு தைக்கிறோம்" என்றார். டேப்பை என் தோளில் வைத்து அவரே சிரித்துக்கொண்டார்.

ஒரே ஒரு சங்கடம். கார் வெளியே வரும் வரைக்கும் இடுப்பில் அரை அங்குலம் கூடக் குறையக் கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டுவிட்டார். இங்கே உள்ள டாக்டரோ குறைத்தே ஆக வேண்டும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

உன் தம்பி


மார்ச் 18

தம்பிக்கு,

நான் நலம். கோபத்திலும் நலம்தான்.

யார் பேச்சைக் கேட்பதாம்! உன் முதலாளிக்கு உன் தொப்பை வேண்டும். எனக்கு நீ வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நாளையிலிருந்து வேலை முடிந்ததும் நட. பஸ் ஏறாதே. அடுத்த நிறுத்தத்துக்கே பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் நீ, தெரியும். அதனால்தான் சொல்கிறேன். நடக்கவில்லை என்றால் நானே வந்து உன் முன்னால் நடப்பேன், பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு நீ வர வேண்டியிருக்கும்.

மூச்சு விடச் சொன்ன பெண் புத்திசாலியாகத் தெரிகிறாள்.

அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள அக்கா,

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபிக்காதே. உடம்பு நன்றாக இருக்கிறது. ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறதாம், டாக்டரே ஆச்சரியப்பட்டார். உன் முழங்காலை அவரிடம் காட்ட வேண்டும் என்று ஆசை.

நடக்கிறேன். தினமும் வேலை முடிந்ததும் ஆற்றோரச் சாலை வழியாகப் பாலம் வரை, அங்கிருந்து என் அறைக்கு. முதல் வாரம் ஒவ்வொரு விளக்குக் கம்பத்துக்கும் மரியாதை செலுத்தி நின்றேன். இப்போது பாலத்தில் மட்டும்தான் நிற்பது. தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றால் நேரம் போவதே தெரிவதில்லை.

தோலைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரிந்துவிட்டது தெரியுமா? மாட்டின் முதுகுப் பக்கத்துத் தோல்தான் உறுதி, உட்காருகிற இடத்துக்கு அதைத்தான் போட வேண்டும். கழுத்துப் பக்கம் சுருக்கம் விழும். வயிற்றுப் பக்கம் இழுத்தால் இழுத்த பக்கம் வரும், ஒன்றுக்கும் ஆகாது. "வயிறுன்னாலே அப்படித்தான்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிச் சிரிப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. பழைய காரில் இருக்கைத் தோலை நீள நீளமாக வரி வைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்த வரிக்குள் பஞ்சைத் திணிக்க ஒரு மரக் குச்சி வேண்டும். அதை எப்படிப் பிடிப்பது என்று எனக்குக் காட்டித் தந்தார்கள்.

ஒரு விஷயம். யாரிடமும் சொல்லாதே, உன் பயிற்சிக் காரில் கூட. நான் இளைத்துவிட்டேன். பெல்ட்டில் புது ஓட்டை போட்டாயிற்று. முதலாளிக்குத் தெரிந்தால் வேறு ஆளைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார், வாரத்தில் அந்த ஒரு மணி நேரமும் போய்விடும். அதனால் உட்காருகிற அன்று ஓவராலுக்குள் இடுப்பைச் சுற்றி ஒரு குளியல் துண்டைக் கட்டிக்கொள்கிறேன். அளவு அச்சாக நிற்கிறது. இதில் யாருக்கும் நஷ்டமில்லை, இல்லையா?

உன் தம்பி


மே 5

என் அருமை இளைத்த தம்பிக்கு,

ரத்த அழுத்தம் இறங்கிய சேதியைப் படித்து எனக்கு ஏறியிருந்தது கூட இறங்கிவிட்டது. முழங்கால் பரவாயில்லை. உன் கடிதத்துக்காக வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்ததில் அதற்கும் நல்ல பயிற்சி.

நீ ஸ்டோர் கீப்பர். போல்ட்டைப் பற்றி ஒரு வரி இல்லை, தோலைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்க்கிறானாம். வீட்டுத் தொட்டி வழிந்தாலே திரும்பிப் பார்க்காதவன் நீ. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், நீ அதையும் இடுப்பில் கட்டிக்கொண்டு மறைக்கிறாய். உன்னுடன் நடக்கிறது யார் என்று நான் கேட்கவே மாட்டேன். நீயாகச் சொல்லும் வரை காத்திருப்பேன். எவ்வளவு நாளானாலும் காத்திருப்பேன். சரி, யார்?

துண்டு வேலை வேண்டாமடா. சொல்லிவிடு. வேலைக்காக இல்லை, அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் பயப்படுகிறாய் என்று எனக்குப் புரிகிறது. அதைத் துண்டைக் கட்டிக்கொண்டு காப்பாற்ற முடியாது.

வங்கி அம்மா பரீட்சையில் தேறிவிட்டார். சந்தோஷம்தான். அவர் வருகிற நேரம் இப்போது சும்மா இருக்கிறது.

அக்கா


ஜூன் 21

அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான்.

நீ சொன்னபடி நான் சொல்லவில்லை. போன மாதக் கடைசியில் முடிவான அச்சு எடுத்தார்கள். அன்றைக்கு உட்கார்ந்த வேகத்தில் துண்டின் முடிச்சு பின்பக்கம் நழுவிவிட்டது. எழுந்து கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அப்படியே இருந்தேன். அந்த அச்சை வைத்துத்தான் முதல் கார்களுக்கு எல்லா இருக்கையும் தைத்து முடித்தார்கள்.

நேற்று முதல் கார் சாலைக்குப் போயிற்று. அக்கா, நீ பார்த்திருக்க வேண்டும். அந்தப் பச்சை நிறமும், என்ஜின் கிளம்பினதும் எழுந்த சத்தமும்! பற்றவைப்பு வேலை பார்க்கிற பெரியவர் கைதட்டினார், எல்லோரும் தட்டினோம். ஓட்டிப் பார்த்தவர் திரும்பி வந்து இறங்கி முதுகைத் தடவினார். "வண்டி தங்கம். ஆனா சீட்டுல முதுகுக்குப் பின்னால ஒரு குழி. வளைவுல திரும்பறப்ப எல்லாம் ஒரு பக்கமா உள்ள இழுக்குது" என்றார். வேறு ஆள் உட்கார்ந்தார், அதே குழி. அடுத்த இருக்கை, அதிலும் குழி.

முதலாளி ஊசியைக் கூப்பிட்டார். "இத்தனை வருஷம் தைக்கிறீங்க, பஞ்சை ஒழுங்கா வெட்டத் தெரியாதா?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார். கார்களைக் காட்டுகிற நாள் ஜூலை மாதம், அழைப்பெல்லாம் போய்விட்டது. அதற்குள் சரியாகவில்லை என்றால் வெளியிலிருந்து வேறு ஆளை வைத்துத் தைத்துக்கொள்கிறேன் என்றார். ஊசி கையிலிருந்த டேப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டு நின்றார்.

நான் திருடனுக்குத் தேள் கொட்டினது போல நின்றேன். அந்தக் கைக்கு வெட்டத் தெரியாது என்று சொன்னதை நான் கேட்டுக்கொண்டு நின்றேன், அக்கா. சொன்னால் அவர் இனி என் முகத்தைப் பார்ப்பாரா? சொல்லாவிட்டால் நான் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? நேற்று நான் பஸ்ஸில் போனேன்.

உன் தம்பி


ஜூன் 26

தம்பி,

நலம் விசாரிக்க நேரமில்லை. இதைப் படிக்கும்போது நீ ஏற்கெனவே சொல்லியிருந்தால் நல்லது. சொல்லவில்லை என்றால் இந்த வரியோடு கடிதத்தை மடி. சட்டைப் பையில் வை. போய்ச் சொல்லிவிட்டு வா. மிச்சத்தை வந்து படித்துக்கொள்.

சொல்லிவிட்டாயா? சரி. தண்ணீர் குடி.

இப்போது கேள். உன்னிடம் இத்தனை நாள் நான் சொல்லாத ஒன்று. நீ கோழை இல்லை. யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று ஒடுங்கி ஒடுங்கிப் பழகிவிட்டாய், அவ்வளவுதான். இத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு எந்த இடத்திலும் ஓர் ஓரமாகத்தான் உட்காருவாய். உன்னை உட்காரச் சொல்லி, அதற்காகவே சம்பளம் கொடுத்து, ஒருத்தி பக்கத்தில் நின்று மூச்சு விடச் சொன்னதும் உனக்கு அது பெரிதாகப் போயிற்று. போகாதா? அதை விடுவதற்கு யாருக்குத்தான் மனசு வரும்? ஆனால் அவளுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார முடியாது. அவள் இனி முகத்தைத் திருப்பிக்கொண்டால் வீட்டுக்கு வா. டயர்களை எடுத்துவிடுகிறேன்.

அக்கா


ஜூலை 19

அன்புள்ள அக்கா,

சுகமாக இருக்கிறேன், நிஜமாகவே. நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்தபோது நான் சொல்லி முடித்திருந்தேன். உனக்கு எழுதிப் போட்டுவிட்டு வந்தவன், மறுநாள் காலையில் ஸ்டோரைக் கூடத் திறக்கவில்லை. இருந்தாலும் நீ மடிக்கச் சொன்னதால் கடிதத்தை மடித்துப் பையில் வைத்து, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்துதான் மிச்சத்தைப் படித்தேன். தண்ணீரும் குடித்தேன்.

முதலாளி நடுப் பட்டறையில் நின்றிருந்தார். "சார், தப்பு வெட்டினதுல இல்ல, உக்காந்ததுல" என்றேன். "என்னய்யா சொல்ற?" என்றார். "நான் இளைச்சிட்டேன் சார்" என்றேன். சுத்தியல் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. ஓவராலைத் திறந்து, காட்டுவதற்கென்றே கட்டி வந்த துண்டை உருவினேன். பெரிய துண்டு. அது வந்துகொண்டே இருந்தது. பெரியவர் ஒரு முனையைப் பிடித்து இழுத்து உதவி செய்தார். சிரிக்கக் கூடாது என்று எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இளைச்சதுக்கு அழுவுற ஆளை இன்னைக்குத்தான்யா பாக்கிறேன்" என்று முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

பிறகு ஊசியின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு இது தெரியாதா?" என்றார். "தெரியும். எந்த மனுஷனுக்கு சார் இடுப்புல முடிச்சு இருக்கும்?" என்றார் அவர். "தெரிஞ்சும் ஏன் சொல்லல?" அவர் குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். அந்த ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது.

முதலாளி அவரிடம் எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டார். என்னை ஸ்டோருக்குப் போகச் சொல்லிவிட்டார், இனி எனக்கு உட்காருகிற வேலை கிடையாது. அப்புறம் புது அச்சுக்குத் தொப்பையுள்ள ஆள் வேண்டுமே! ஊசி டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளியையே பார்த்தார். "என்ன? நானா? எனக்கு எங்கய்யா தொப்பை?" என்று அவர் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். உட்கார்ந்தார். என் பழைய அச்சைவிட ஆழமாக விழுந்தது. ஊசியோடு நாலு பேர் சேர்ந்து தைத்து நேரத்துக்கு முடித்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கார்களைக் காட்டினோம். முதல் காரைப் பதிவு செய்த வயதான பல் டாக்டர் ஒருவர், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றுவிட்டார். "ஐம்பது வருஷமா இந்த வண்டியைக் கனவுல ஓட்டியிருக்கேன். கனவுல கூட இவ்வளவு சௌகரியமா உக்காந்ததில்லை" என்றார். அவர் மனைவி அவருக்குச் சாப்பாட்டைக் காருக்குள்ளேயே கொண்டுவந்து கொடுத்தார். ஊசி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன்.

ஊசியின் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். அதனால் நடை மறுபடி தொடங்கியிருக்கிறது. உட்காருகிற வேலை போனதில் வருத்தமில்லை. அவ்வளவாக இல்லை. மற்றபடி எழுத ஒன்றுமில்லை.

உன் தம்பி


ஜூலை 26

தம்பிக்கு,

நான் நலம். நீ செய்தது எனக்குப் பெருமை. கடிதத்தை வங்கி அம்மாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

எழுத ஒன்றுமில்லையா? அவளைக் கேட்டாயா, இல்லையா? ஒரே வார்த்தையில் பதில் போடு.

அக்கா


செப்டம்பர் 4

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்களை இப்படி அழைக்கலாமா என்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்துவிட்டேன். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் தம்பி நலம். நானும் நலம். நான்தான் பட்டறையில் இருக்கை தைக்கிறவள்.

உங்கள் கடிதங்களை அவர் பாலத்தில் நின்று எனக்குப் படித்துக் காட்டுவார். நடுநடுவே இருமுவார். இருமுகிற இடமெல்லாம் என்னைப் பற்றியது என்று நினைக்கிறேன். கடைசியாக வந்த கடிதத்தில் ஆரம்பம் முதல் முடிவு வரை இருமல்தான். அதற்கு அவர் இன்னும் பதில் போடவில்லை. போட மாட்டார். அதனால் உறையின் பின்னால் இருந்த முகவரியைப் பார்த்து நான் எழுதுகிறேன்.

துண்டு எனக்கு முதல் நாளே தெரியும். கண் ஏமாந்தாலும் கை ஏமாறாது. பஞ்சு வெட்டும்போது துண்டுக்கான அளவை நானே உத்தேசமாகச் சரிசெய்துகொண்டு வந்தேன். சொல்லியிருக்க வேண்டியது என் கடமை. சொன்னால் அவரை உட்கார வைப்பதை நிறுத்திவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். கடைசி அச்சில் முடிச்சு நழுவும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. அன்றைக்கு முதலாளி திட்டினபோது நான் பேசாமல் நின்றது பொறுமையினால் இல்லை, பாதித் திட்டு எனக்கும் உரியது என்றுதான். இரண்டு நாள் கழித்து அவர் எல்லோருக்கும் முன்னால் நின்று துண்டை உருவினார். அந்த நிமிஷம் என் மனசில் எல்லாம் முடிவாகிவிட்டது.

அவருக்குத் தெரியாத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் வீடு பாலத்துக்கு அப்பால் இல்லை. பட்டறைக்குப் பின்பக்கத்துச் சந்தில், சலவைக் கடைக்கு மேலே இருக்கிறது. தினமும் அவரோடு பாலம் வரை நடந்து, அவர் திரும்பினதும் பஸ் ஏறி வந்த வழியே திரும்பிவிடுவேன். பஸ் கண்டக்டருக்கு விஷயம் தெரியும்.

கோடை முழுக்க அவர் கேட்பார் கேட்பார் என்று பார்த்தேன். வாயைத் திறந்தால் வாஷரைப் பற்றித்தான் பேசுகிறார். எனக்காக வந்து கேட்கப் பெரியவர்கள் யாரும் இல்லை. எனவே நானே கேட்கிறேன். உங்கள் தம்பியை எனக்குக் கொடுப்பீர்களா? இப்போது இருக்கிற அளவே போதும். கூடினாலும் குறைந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் சம்மதித்து இங்கே எங்களோடு வந்து இருக்காமல் எதையும் ஆரம்பிப்பதாக இல்லை.

யார் என்று போட்டுக் கையெழுத்திடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே என்னை ஊசி என்பார்கள்


செப்டம்பர் 12

ஊசிக்கு,

நீ என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நான் நலம். முழங்கால் நலம். நேற்றிலிருந்து எல்லாமே நலம்.

உன் கடிதத்தைப் பயிற்சிக் காரில் வைத்துப் பிரித்தபோது நாற்சந்தியில் நின்றிருந்தோம். கற்றுக்கொள்ள வந்தவர் ஒரு கணக்கு வாத்தியார். விளக்கு பச்சைக்கு மாறி மறுபடி சிவப்புக்கு வந்துவிட்டது, நான் போகச் சொல்லவில்லை. பின்னால் இருந்த வண்டியெல்லாம் ஹாரன் அடித்தது. "அழுறீங்களா, சிரிக்கிறீங்களா?" என்று அவர் கேட்டார். "இன்னைக்கு வகுப்பு அவ்வளவுதான்" என்று அவரை இறக்கிவிட்டு நானே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாவம், அவர் நடந்து போனார்.

உன்னிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? அவனை அனுப்பிவிட்டு இந்த வீட்டில் எனக்குச் சரிப்படவே இல்லை. அவனுக்கு ஒருத்தி கிடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதும் நான்தான், கிடைத்தால் கடிதம் வருவதும் நின்றுபோகுமே என்று பயந்ததும் நான்தான். அவன் எழுதாத வாரமெல்லாம் சந்தோஷமும் பயமும் மாறி மாறி வரும். எங்களோடு வந்து இருங்கள் என்று எழுதினாய் பார், அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் நாற்சந்தியில் அப்படி உட்கார்ந்துவிட்டேன்.

பயிற்சிக் காரை வங்கி அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு மாதக் கடைசியில் ரயில் ஏறுகிறேன். நிலையத்துக்கு அந்தப் பச்சைக் காரை எடுத்துக்கொண்டு வரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. மூன்று பேர் உட்காருகிற வண்டியாகப் பார்த்துக் கொண்டு வா.

அவனை எட்டு வயதிலிருந்து வளர்த்தவள் நான். கொடுப்பேனா, மாட்டேனா என்று அவனிடம் இப்போதே சொல்லிவிடாதே. கேட்க வாயில்லாதவன் இரண்டு நாள் தவிக்கட்டும். ரொம்பவும் தவித்தால் பாலத்துக்குக் கூட்டிப் போய், இந்தக் கடிதத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு, நான் கையெழுத்துப் போட்டிருக்கிற இடத்தை மட்டும் காட்டு.

அன்புடன்,
உன் நாத்தனார்